கறுப்புத் திரைக்குப் பின்னே

பேய் உண்டென்று நம்புவோர் பேய்க்கதை படித்து நடுங்குவதில் வியப்பென்ன இருக்கிறது? பேய் இல்லை, பிசாசு இல்லை, இருளில் உலவுவன எலியும் வௌவாலுமே என்று மேடையேறி முழங்கியவன், கைதட்டல் வாங்கியவன், அந்தக் கைதட்டலின் ஒலி காதைவிட்டு அகலுமுன்னே ஓர் ஆங்கிலப் பேய்க்கதையைப் படித்துவிட்டு, எதிர்க் கட்டிலில் கிடந்த போர்வையைப் பார்க்க அஞ்சி, விளக்கை அணைக்காமலே படுத்தான் என்றால், அது நகைப்புக்குரிய செய்தியன்றோ! நகையுங்கள், தோழர்களே. அவ்வாறு படுத்தவர் வேறெவருமல்லர், நாமேதான்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற நாளில் நடந்தது அது. விடுதி அறையில் உடன் தங்கியிருந்த நண்பர் ஊருக்குச் சென்றிருந்தார். அவர் கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. அதன்மேல் கசங்கிய போர்வை ஒன்று. நம் கையிலோ எம். ஆர். ஜேம்ஸ் எழுதி 1904-இல் வெளிவந்த பேய்க்கதைத் தொகுதி. அதிலே பார்க்கின்ஸ் என்றொரு பேராசிரியர் வருகிறார். நம் கட்சிக்காரர்! ஆவி என்பதும் ஆவேசம் என்பதும் அறிவுக்கு ஒவ்வாதவை என்று அடித்துப் பேசுபவர். விடுமுறைக்காகக் கடற்கரை ஊரொன்றுக்குச் செல்கிறார். இடிந்த மடத்தின் சிதைவிலே பழைய ஊதல் ஒன்றைக் கண்டெடுக்கிறார். அறைக்குக் கொண்டுவந்து ஊதிப் பார்க்கிறார். அவர் தங்கிய அறையிலே இரண்டு கட்டில்கள். ஒன்றில் அவர், மற்றொன்றில் எவருமில்லை. எவருமில்லாத அந்தக் கட்டிலின் விரிப்பு ஓரிரவு எழுந்து நிற்கிறது. அதற்கு முகமும் இருக்கிறது. கசங்கிய துணியாலான முகம்!

அடுத்த நாள் காலை வெயிலில் அமர்ந்து நாம் ஆராய்ந்தோம். எதற்காக அஞ்சினோம்? பேயை நம்பிவிட்டோமா? இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பின் எது நம்மை ஆட்டிவைத்தது? கதையை மறுபடி படித்தபோது பிடிபட்டது. அந்த இரண்டாவது கட்டில் கடைசியில் திடீரென்று வந்து குதித்ததன்று. தொடக்கத்திலேயே ஆசிரியர் அதைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார், வெகு சாதாரணமாக, மேசை நாற்காலியைச் சொல்வதுபோல. நடுவில் ஒருநாள் பணிப்பெண் வந்து, எந்தக் கட்டிலில் கம்பளி போடட்டும், இரண்டுமே படுத்தெழுந்ததுபோலத்தான் இருக்கின்றன என்கிறாள். பேராசிரியர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். நாமும் அவரோடு சேர்ந்து தலையாட்டுகிறோம். ஆனால் நம் மனத்தின் ஒரு மூலையிலே ஓர் ஐயம் உட்கார்ந்துவிடுகிறது. பேய் வருவதற்குப் பல பக்கங்களுக்கு முன்னரே அச்சம் வந்து படுக்கை விரித்துவிடுகிறது. பிறகு எழுந்து நிற்பது வெறும் துணி.

ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்தவர். பழஞ்சுவடி ஆராய்ச்சியிலே பெரும்பெயர் பெற்றவர். கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களைத் தம் அறையிலே கூட்டி, மங்கிய ஒளியில் தம் கதைகளைப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். படித்துக் காட்டுவதற்கென்றே எழுதிய எழுத்து. ஆகவே எந்த இடத்தில் குரல் தாழும், எந்த இடத்தில் கேட்போர் மூச்சுவிட மறப்பர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய திறமைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அவரோடு நமக்கொரு வழக்கும் உண்டு. பகுத்தறிவு பேசிய பார்க்கின்சைத் தேர்ந்தெடுத்துத் தண்டிக்கிறாரே, அது என்ன நீதி? பேயையும் தாமே படைத்து, பேய் இல்லை என்பவனையும் தாமே படைத்து, முன்னதை ஏவிப் பின்னதை வீழ்த்திவிட்டு, பார்த்தாயா என்று கேட்பது வாதமாகுமா? சொக்கட்டான் ஆட்டத்தில் இருபுறமும் தாமே உருட்டுபவர் வென்றதாகக் கொண்டாடுவதற்கு ஒப்பாகும் அது.

அன்று முதல் நமக்கு ஒரு பித்து. கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கும் சிறுவனைப்போல, பேய்க்கதைகளைக் கழற்றிப் பார்க்கத் தொடங்கினோம்.

கழற்றினால் அடியிலே கிடைப்பது ஒரு கோட்டை. 1764-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது: 'ஒட்ராண்டோவின் கோட்டை'. இத்தாலிய மொழியிலே ஒரு பாதிரியார் எழுதியது, 1529-இல் நேப்பிள்சில் அச்சானது, வட இங்கிலாந்தில் பழைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் நூலகத்திலே கிடைத்தது, அதை மொழிபெயர்த்திருக்கிறோம் என்று முன்னுரை முழங்கியது. அத்தனையும் பொய்! பாதிரியாரும் இல்லை, பழஞ்சுவடியும் இல்லை. எழுதியவர் ஹொரேஸ் வால்போல், இங்கிலாந்தின் முதல் பிரதமர் எனப்படும் இராபர்ட் வால்போலின் மகன், பாராளுமன்ற உறுப்பினர். தேம்ஸ் ஆற்றங்கரையிலே டுவிக்கன்ஹாமில் 'ஸ்ட்ராபெரி ஹில்' என்ற தம் இல்லத்தைக் கோட்டைபோலக் கட்டிக்கொண்டவர். கல்லால் செதுக்கியதைப்போல் தோன்றும் அதன் கூடத்து விதானம், காகிதக்கூழால் செய்து பொன்முலாம் பூசப்பட்டது! அந்த வீட்டில் ஓரிரவு கனவு கண்டாராம்; ஒரு பழங்கோட்டை, பெரிய படிக்கட்டு, அதன் உச்சிக் கைப்பிடியிலே கவசமணிந்த பூதாகாரமான கை. எழுந்தவர் எழுத உட்கார்ந்தார். இரண்டு திங்களுக்குள் நூல் முடிந்தது.

கதையின் தொடக்கத்திலேயே மணமகன் மாண்டுபோகிறான். எப்படி? வானிலிருந்து விழுந்த ஒரு பெரிய தலைக்கவசத்தின் அடியிலே நசுங்கி! இன்று படிப்பவர் அஞ்ச மாட்டார், சிரிப்பார். நாம் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குரிய கோட்டையிலிருந்துதான் பின்வந்தோர் அனைவரும் செங்கல் எடுத்தனர். பாழடைந்த மாளிகை, நிலத்தடி வழி, காற்றில் அணையும் விளக்கு, துரத்தப்படும் கன்னி, தந்தையர் செய்த தீங்கு பிள்ளைகளைத் தேடிவரும் கணக்கு... எல்லாம் அங்கே இருக்கின்றன.

நூல் விற்றது. மக்கள் மெச்சினர். 1765-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது வால்போல் முன்னுரையிலே உண்மையை ஒப்புக்கொண்டார்: எழுதியது நான்தான், பழஞ்சுவடி ஏதுமில்லை என்று. அந்தப் பதிப்பின் தலைப்பிலேதான் 'கோதிக் கதை' என்ற பெயரும் ஏறியது. இந்த ஒப்புதலை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். அதற்கு வேலை இருக்கிறது.

வால்போல் கவசத்தை எறிந்தார். எறியாமலே அஞ்சவைக்கலாம் என்று காட்டியவர் ஒரு பெண்மணி, ஆன் ராட்கிளிஃப். 1794-இல் அவர் எழுதிய 'உடால்ஃபோவின் மருமங்கள்' என்ற புதினத்துக்குப் பதிப்பாளர் தந்த தொகை 500 பவுன். அந்நாளில் ஓர் எழுத்தாளருக்கு, அதிலும் ஒரு பெண்ணுக்கு, கனவிலும் கிட்டாத தொகை. எமிலி என்ற பெண் இத்தாலிய மலைக்கோட்டை ஒன்றிலே அடைபடுகிறாள். அங்கே ஓர் அறை. அறையிலே சுவரோரம் ஒரு கறுப்புத் திரை. திரையை விலக்குகிறாள். கண்டதும் மயங்கி விழுகிறாள். என்ன கண்டாள்? சொல்லமாட்டார் ராட்கிளிஃப்! நான்கு தொகுதிகள் கொண்ட புதினம் அது. இரண்டாம் தொகுதியில் விலக்கிய திரைக்கு விடை நான்காம் தொகுதியின் இறுதி அருகில்தான் கிடைக்கிறது. அதுவரை நூற்றுக்கணக்கான பக்கங்கள் வாசகன் அந்தத் திரையை முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறான். ஒவ்வொருவனும் தன் அச்சத்துக்கேற்ற ஒன்றை அதன் பின்னே நிறுத்திக்கொள்கிறான்.

விடை என்ன தெரியுமா? மெழுகுப் பொம்மை! அழுகும் பிணத்தைப்போல் செய்து வைத்த மெழுகு உருவம். என்றோ ஒரு பிரபுவுக்குப் பாவமன்னிப்பாக விதிக்கப்பட்டது. ராட்கிளிஃபின் கதைகளிலே நள்ளிரவு இசைக்கும், நடமாடும் நிழலுக்கும் இவ்வாறு இயற்கையான காரணமே இறுதியில் கிடைக்கும். அறிவுக்கு ஒவ்வாததை அவர் கடைசிவரை வைத்திருப்பதில்லை. ஏமாந்தோமே என்று அக்காலத்து வாசகர் சிலர் முணுமுணுத்தனர். நாம் முணுமுணுக்கவில்லை, எழுந்து நின்று கைதட்டினோம். அஞ்சவைத்துவிட்டு, அச்சத்தின் உட்பகுதியைத் திறந்து, பார், மெழுகு என்று காட்டிய கை அது.

அச்சத்திலும் இருவகை உண்டென்று அவர் எழுதிய கட்டுரையொன்று, அவர் மறைந்தபின் 1826-இல் வெளிவந்தது. வரப்போவது என்னவென்று அறியாமல் தவிக்கும் திகில் ஒன்று; அது உள்ளத்தை விரித்து, புலன்களை விழிக்கச் செய்யும். கண்முன் கோரத்தைக் கொட்டி உறையவைக்கும் அருவருப்பு மற்றொன்று. அது உள்ளத்தைச் சுருக்கிவிடும். இன்று வெள்ளித்திரையிலே குருதியைக் குடம் குடமாய்க் கொட்டுவோர் இந்த வேறுபாட்டைப் படித்தறிவது நல்லது.

ராட்கிளிஃபின் பித்துப் பிடித்த பெண்ணொருத்தியைக் கதைத்தலைவியாக்கி நகையாடினார் ஜேன் ஆஸ்டின், 'நார்த்தங்கர் அப்பே' என்ற புதினத்திலே. காதரீன் என்ற அந்தப் பெண் ஒரு பழைய இல்லத்தில் விருந்தாளி. புயலடிக்கும் இரவு. கறுப்பு அலமாரி ஒன்றின் பூட்டோடு போராடி, உள்ளறையிலிருந்து ஒரு சுருளை எடுக்கிறாள். கொலையுண்டவளின் வாக்குமூலமோ, சிறைப்பட்டவளின் ஓலமோ! அந்த நேரம் பார்த்து மெழுகுவர்த்தி அணைகிறது. இரவெல்லாம் நடுக்கம். விடிந்ததும் விரித்துப் பார்க்கிறாள்: சலவைக் கணக்கு! பேய்க்கதையின் மொத்தச் சூத்திரத்தையும் ஆஸ்டின் ஓர் அலமாரிக்குள் அடக்கிவிட்டார். விளக்கு எரிந்திருந்தால் அச்சம் ஏது? தகவலுக்கும் மனிதனுக்கும் நடுவே ஓர் இரவைப் புகுத்திவிடுவதுதான் தொழிலின் முழு இரகசியம்.

எட்கர் ஆலன் போவைப்பற்றி நிறைய எழுதலாம். இங்கு ஒன்று போதும். 1839-இல் வந்த 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி'யிலே, கதை தொடங்கும்போதே மாளிகையின் முகப்பிலே கண்ணுக்குப் புலப்பட்டும் புலப்படாமலும் ஒரு விரிசல் கூரையிலிருந்து இறங்கி, முன்னே கிடக்கும் குளத்தில் மறைகிறது. சொல்லிவிட்டு அதைப்பற்றி மூச்சுவிடமாட்டார். கடைசிப் பத்தியில் அந்த விரிசல் பிளக்கிறது. வீடு குளத்துக்குள் போகிறது. சிறுகதையில் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கி உழைக்கவேண்டும் என்று பின்னர் இலக்கணம் வகுத்தவர் அவர். வகுக்குமுன்னே செய்துகாட்டியும் இருக்கிறார்.

நம் உள்ளத்துக்கு மிக நெருங்கிய பேய்க்கதை வேறொன்று. அதிலே கோட்டையில்லை, கோமகன் இல்லை. ஒரு தொழிலாளி இருக்கிறான். சார்லஸ் டிக்கன்ஸ் 1866-இல் எழுதிய 'சிக்னல்காரன்'. ஆழமாக வெட்டப்பட்ட இரயில் பாதை. இருபுறமும் ஈரம் கசியும் கற்சுவர். தலைக்குமேல் ஒரு கீற்று வானம். ஒரு முனையிலே கரிய சுரங்கவாய், அதன்மேல் சிவப்பு விளக்கு. இவ்வளவுதான் கோதிக்! பழங்கோட்டையை இடித்துவிட்டு, புதிய எந்திர யுகத்திலிருந்தே இருளை வெட்டியெடுத்தார் டிக்கன்ஸ். மேலே நின்று ஒருவர் கீழே இருப்பவனைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் மேலே பார்ப்பதுதானே இயல்பு? அவன் மேலே பார்க்கவில்லை. திரும்பிச் சுரங்கத்தைப் பார்க்கிறான். இந்த ஒரு தலைத்திருப்பலிலே கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏன் அங்கே பார்த்தான்? அந்த வினா நம் சட்டையைப் பிடித்துக்கொள்கிறது; கடைசி வரி மட்டும் விடுவதில்லை.

சுரங்கவாயிலே ஓர் உருவம் தோன்றிக் கைகாட்டி எச்சரிக்கிறதாம். முதல்முறை தோன்றியபின் பெரும் விபத்து. இரண்டாம் முறை, ஓடும் வண்டியிலே ஓர் இளம்பெண்ணின் சாவு. இப்போது மூன்றாம் முறையாகத் தோன்றத் தொடங்கியிருக்கிறது. சிக்னல்காரன் துடிக்கிறான். ஏன்? பேயைக் கண்டா? இல்லை, தோழர்களே! அபாயம் என்று தந்தியடித்தால் என்ன அபாயம், எங்கே என்று மேலிடம் கேட்கும், பதில் இராது, பைத்தியம் என்று வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். எத்தனையோ உயிருக்குப் பொறுப்பு அவன். ஆனால் ஒரு வண்டியை நிறுத்தும் உரிமைகூட இல்லாதவன். பொறுப்பு முழுவதும் கீழே, அதிகாரம் முழுவதும் மேலே! அவனை வாட்டும் பேய் எது என்று இப்போது புரிகிறதன்றோ?

டிக்கன்ஸ் இதைக் கற்பனை ஆகாயத்திலிருந்து பறிக்கவில்லை. 1861-இல் பிரைட்டன் அருகே கிளேட்டன் சுரங்கத்தில் இரு வண்டிகள் மோதி 23 பேர் மாண்டனர். அன்று அங்கே பணியிலிருந்த சிக்னல்காரர் தொடர்ந்து 24 மணி நேர வேலையில் இருந்தார். முறைப்படி என்றால் 18 மணி நேரம்! அதற்கு நான்காண்டு கழித்து, 1865 சூன் 9-ஆம் நாள், ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் பாலத்தின் மேல் பழுதுபார்க்கத் தண்டவாளத்தைக் கழற்றியிருந்த வேளையில், மேற்பார்வையாளர் வண்டி நேரத்தைத் தவறாகப் படித்ததால், வண்டி பாய்ந்து வந்து கவிழ்ந்தது. 10 பேர் இறந்தனர். அந்த வண்டியிலே பயணம் செய்தவர்களில் ஒருவர் டிக்கன்ஸ். தொங்கிய பெட்டியிலிருந்து இறங்கி, தொப்பியிலே நீர் மொண்டு சாவோருக்கும் நோவோருக்கும் கொடுத்தவர். அதன்பின் இரயிலேறினாலே அவருக்கு நடுக்கம். 1870-இல் அவர் மறைந்ததும் அதே சூன் 9 தான். இதைக்கூட ஒரு மருமம் என்று சொல்லித் திரிவோர் உண்டு. ஆண்டுக்கு 365 நாள், அவற்றுள் ஒன்றில்தானே எவரும் சாகவேண்டும்!

அறிவியல் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு விக் டாண்டி என்ற ஆங்கிலப் பொறியாளரின் செய்தியைச் சொல்வோம். இரவில் ஆய்வகத்தில் தனியே வேலை செய்தபோது குளிர் வியர்வையும் கலக்கமும் தோன்ற, கடைக்கண்ணில் சாம்பல்நிற உருவம் ஒன்று அசைவதைக் கண்டார். திரும்பியதும் அது மறைந்தது. மறுநாள், வாள்விளையாட்டுக்கான மெல்லிய வாளைப் பிடிப்பானில் பொருத்தியபோது அது தானாகவே அதிரக் கண்டார். ஓடவில்லை அவர், அளந்தார். புதிதாய்ப் பொருத்திய காற்றுவிசிறி ஒன்று, வினாடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வு கொண்ட, காதுக்குக் கேளாத ஒலியலையை அறையில் நிறுத்தியிருந்தது! விசிறியின் பொருத்தத்தை மாற்றினார், அலை போயிற்று. 1998-இல் இதைக் கட்டுரையாக்கினார். எல்லாப் பேய்க்கும் அந்த விசிறியே காரணம் என்று நாம் சொல்லவில்லை; ஆனால் வாள் அதிர்ந்ததும் அளவுகோலை எடுத்த அந்தக் கையை நமக்குப் பிடிக்கும்.

இத்தனையும் கற்ற செருக்கோடுதான் சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை நாம் வகுப்பறையில் நின்றோம். பத்தாம் வகுப்புக்கு மாலைநேரத் தனிவகுப்பு. மின்சாரம் நின்றது. வெளியே மழை, உள்ளே ஒரே ஒரு மெழுகுவர்த்தி. "அய்யா, கதை!" என்றனர் பிள்ளைகள். ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய 'குரங்கின் பாத'த்தைச் சொல்லத் தொடங்கினோம்.

கதை பலர் அறிந்தது. இந்தியாவிலிருந்து திரும்பிய படைவீரன் ஒருவன், ஒரு பக்கிரி மந்திரித்துக் கொடுத்த குரங்கின் பாதத்தை ஆங்கிலக் குடும்பம் ஒன்றிடம் விட்டுச் செல்கிறான். மூன்று வரம் தருமாம் அது. (வால்போலுக்கு மருமம் வேண்டுமென்றால் இத்தாலி, ஜேக்கப்சுக்கு வேண்டுமென்றால் இந்தியா. மடமை எப்போதும் அடுத்த நாட்டிலிருந்துதான் இறக்குமதி!) தந்தை வீட்டுக் கடனுக்காக 200 பவுன் கேட்கிறார். மறுநாள் மகன் வேலைசெய்யும் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறான். மகன் எந்திரத்தில் சிக்கி மாண்டான். கம்பெனிக்கு இதில் பொறுப்பேதுமில்லை. எனினும் அவன் உழைப்பைக் கருதி ஒரு தொகை தருகிறது: 200 பவுன். சில நாள் கழித்து, நள்ளிரவிலே தாய் இரண்டாம் வரத்தைக் கேட்கச் சொல்கிறாள்: மகன் மீண்டு வரட்டும்! காத்திருக்கிறார்கள். படி கிறீச்சிடுகிறது, எலி ஓடுகிறது, மெழுகுவர்த்தி அணைகிறது. பிறகு கதவு தட்டப்படும் ஓசை...

இந்த இடத்தில் நாம் குரலைத் தாழ்த்தி நிறுத்தினோம். மேசைக்கடியிலே விரலை மடக்கி மெல்லத் தட்டினோம். ஒரு மாணவி வீரிட்டாள். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. தாய் தாழ்ப்பாளோடு போராடுவதையும், தந்தை இருளில் தடவிப் பாதத்தைத் தேடிப்பிடித்து மூன்றாம் வரம் கேட்பதையும், கதவு திறந்ததும் தெருவிளக்கின் கீழே வெற்றுச் சாலை கிடந்ததையும் சொல்லி முடித்தோம். மூன்றாம் வரம் என்னவென்று ஜேக்கப்ஸ் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா, அதுதான் கலை என்று விளக்கமும் தந்தோம்.

எல்லாரும் சென்றபின் ஒருவன் நின்றான். "அய்யா, அந்த அப்பா மூணாவது வரம் கேக்காம இருந்திருந்தா, அவன் கதவுக்கு வெளியே நின்னுருப்பானா?"

கதைதானே தம்பி என்றோம். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். மறுநாள் மாலை வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மற்றப் பிள்ளைகளிடம் கேட்டபோதுதான் தெரிந்தது: அவன் தந்தை ஒரு நூற்பாலையிலே வேலை செய்தவர், எந்திரத்திலே சிக்கி இறந்தவர். பதிவேட்டில் 'தந்தை காலமானார்' என்று நாமே எழுதியிருக்கிறோம். எப்படி என்று கேட்டதில்லை. ஒட்ராண்டோவிலே மாண்ட மணமகனின் பெயர் நமக்குத் தெரியும்; எதிரே அமர்ந்திருந்தவனின் தந்தை எப்படி மாண்டார் என்பது தெரியாது!

அவன் வீட்டுக்குச் சென்றோம். தாய் பாய் போட்டு அமரவைத்தார். அமாவாசைதோறும் பக்கத்து ஊரிலே ஒருவரிடம் போவதாகவும், அவர் இறந்தவரை அழைத்துப் பேசவைப்பதாகவும், அன்றிரவும் போகப்போவதாகவும் சொன்னார். "நீங்களும் வேணா வாங்க வாத்தியாரய்யா" என்றார், எவ்விதக் கள்ளமுமின்றி. சென்றோம்.

வெளித்திண்ணையில் இரண்டு மணிநேரம் காக்கவைத்தனர். உள்ளே சாம்பிராணிப் புகை. மூலையில் ஓர் அகல்விளக்கு. குறுக்கே தொங்கியது ஒரு பழைய வேட்டி. கறுப்புத் திரைகூட இல்லை! வேட்டிக்குப் பின்னிருந்து குரல் வந்தது. நான்கு சொல், ஐந்து சொல். பிறகு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியை அந்த அம்மையார் நிரப்பினார். அவர் நிரப்பியதைக் குரல் எடுத்துத் திருப்பித் தந்தது. மூன்று நூற்றாண்டாக ஆங்கிலேயர் எழுதி எழுதிக் கண்டுபிடித்த கலை முழுவதும் அந்தச் சிறுவீட்டிலே கூலிக்கு நடந்துகொண்டிருந்தது. குறை ஒன்றே ஒன்று: அங்கே இரண்டாம் பதிப்பு வெளிவருவதில்லை. வால்போல் எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டாரே, அந்த முன்னுரையை வேட்டிக்குப் பின்னிருப்பவர் எந்த நாளும் எழுதமாட்டார்.

எழுந்து வேட்டியை இழுத்திருக்க வேண்டாமா என்று தோழர்கள் கேட்பர். மன்றத்தில் கேட்கவும் செய்தனர்; பேய்க்கதை சொன்னதே பிழை, பார்த்தும் வாளாவிருந்தது பெரும்பிழை என்றார் ஒருவர். மறுக்கவில்லை. அந்தத் தாயின் முகத்தை அகல்விளக்கொளியில் பார்த்தபோது நம் கை எழவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். பணத்தட்டிலே அவர் வைத்த நோட்டுகளை மட்டும் எண்ணினோம்.

திரும்பும் வழியில், தாய் சற்று முன்னே நடக்க, பையன் நம் அருகே வந்தான். "அய்யா, நீங்க அன்னிக்கு மேசைக்கு அடியில தட்டுனீங்க இல்ல?"

"தட்டினோம்."

"எனக்குத் தெரியும். உங்க தோள் அசைஞ்சுது." சிறிது தூரம் பேசாமல் வந்தான். பிறகு, "இங்க வேட்டி அசைஞ்சுது" என்றான்.

மறுநாள் வகுப்புக்கு வந்தான். குரங்கின் பாதத்தைத் தாய்க்குச் சொல்லவேண்டும், முழுவதும் மறுபடி சொல்லுங்கள் என்றான். பகல் வெளிச்சத்தில், தட்டாமல், குரல் தாழ்த்தாமல் சொன்னோம். எங்கெங்கே நிறுத்தவேண்டும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டான். அந்த அம்மையார் அடுத்த அமாவாசைக்கும் போனார். அதை மறைக்க விரும்பவில்லை. அதற்கடுத்த அமாவாசைக்குப் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றார். இனிப் போவாரா என்பதை அவரே அறிவார்.

கதையைக் கேட்டு அம்மா அஞ்சினாரா என்று பையனிடம் விசாரித்தோம். இல்லையாம். கதவு தட்டும் இடத்தில் அவர் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டாராம். அதற்கு விடை தெரியாமல் நம்மிடம் கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அந்தக் கம்பெனிக்காரன் பணத்தைக் கையில குடுத்தானா, மேசைமேல வெச்சிட்டுப் போனானா?"

நூலை எடுத்துப் புரட்டினோம். அந்தப் பகுதியை இருமுறை படித்தோம். தொகையைச் சொன்னதோடு அந்தக் காட்சியை முடித்துவிடுகிறார் ஜேக்கப்ஸ். பணம் கைமாறியதை அவர் எழுதவில்லை.